மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேல் மிதக்கும் ஊர்: செய்ய முடிந்த காரியமா?

கேள்வி: கொளத்தூர் ஆசிரியை

அனைவருக்கும் வணக்கம். சேலம் மாவட்டம் கொளத்தூர்ப் பகுதியில் உள்ள ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன். மாவட்ட அறிவியல் கண்காட்சிக்கு என் மாணவர்கள் 'மிதக்கும் நகரம்' என்ற தலைப்பைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மாலத்தீவில் மாலே நகருக்கு அருகே, பவளத் திட்டுகள் சூழ்ந்த காயலில் 5,000 குடியிருப்புகளுடன் திட்டமிடப்பட்டிருக்கும் மிதக்கும் நகரத்தைப் பற்றியும், தென்கொரியாவின் பூசான் நகருக்காக 2022ஆம் ஆண்டு வெளியிடப்பட்ட மிதவை மேடைத் திட்டத்தைப் பற்றியும் காணொளிகளைப் பார்த்துவிட்டு, அதே போன்ற ஒன்றை நம் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் மேல் அமைப்பதாகக் காட்ட வேண்டும் என்று பிடிவாதமாக இருக்கிறார்கள்.

அந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. அணை கட்டியபோது தண்ணீருக்குள் போன ஊர்களிலிருந்து கரையேறிய குடும்பங்களின் பிள்ளைகள் என் வகுப்பில் இருக்கிறார்கள். நீர்மட்டம் இறங்கும் ஆண்டுகளில் பண்ணவாடியில் தலைகாட்டும் நந்தி சிலையையும் தேவாலயக் கோபுரத்தையும் அவர்கள் நேரிலேயே பார்த்தவர்கள். "மூழ்கின ஊரைத் தண்ணிக்கு மேலேயே கட்டிடலாமே டீச்சர்" என்று ஒரு மாணவி கேட்டதிலிருந்துதான் இந்தத் தலைப்பு வந்தது.

ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தை நான் நடத்திவிடுவேன். ஆனால், கான்கிரீட் வீடு மிதப்பதோடு சாயாமலும் நிற்பது எப்படி, மேட்டூர் இதற்கு ஏற்ற நீர்நிலைதானா அல்லது ஏற்காடு ஏரி மேலானதா, சேலம் மூக்கனேரியில் இருக்கும் தீவுகளும் இந்த வகையைச் சேர்ந்தவையா என்பவற்றுக்கு எனக்குத் தெளிவான விடை வேண்டும். பிள்ளைகளின் ஆசையைக் கெடுக்கவும் மனமில்லை. நடுவர் கேட்கும் முதல் கேள்வியிலேயே அவர்கள் தடுமாறுவதையும் நான் விரும்பவில்லை.

மறுமொழி: மதகடி

ஆசிரியை அவர்களுக்கு வணக்கம். பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தலைப்பு நல்ல தலைப்பு, இடம்தான் சிக்கலானது. ஒன்றை மிதக்கவைப்பது பெரிய வித்தையல்ல. மிதக்கிற ஒன்றை ஓரிடத்தில் நிறுத்தி, அதற்கு நடைபாதை, மின்சாரம், குடிநீர், கழிவுநீர்க் குழாய் ஆகியவற்றைக் கரையிலிருந்து கொண்டுவந்து சேர்த்து, அந்த இணைப்புகள் எல்லாப் பருவத்திலும் அறுந்துபோகாமல் காப்பதில்தான் செலவும் அறிவும் போகின்றன.

முதலில் மிதப்பதன் கணக்கு. 10 மீட்டர் நீளம், 8 மீட்டர் அகலம், 2.45 மீட்டர் உயரம் கொண்ட ஒரு கான்கிரீட் தொட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தளம் 25 சென்டிமீட்டர் கனம், சுவர் 20 சென்டிமீட்டர் கனம் என்றால், ஒரு கன மீட்டர் கான்கிரீட்டுக்கு 2.4 டன் என்ற கணக்கில் தொட்டியின் எடை ஏறத்தாழ 86 டன் வரும். அடிப்பரப்பு 80 சதுர மீட்டர் என்பதால் ஒவ்வொரு சென்டிமீட்டர் அமிழும்போதும் 0.8 டன் தண்ணீரை அது விலக்குகிறது. ஆகவே வெறும் தொட்டி சுமார் 108 சென்டிமீட்டர் அமிழ்ந்து மிதக்கும். அதன் மேல் மரத்தாலோ மெல்லிய எஃகுச் சட்டங்களாலோ 35 டன்னில் ஒரு வீட்டை எழுப்பினால் மொத்த எடை 121 டன், அமிழ்வு ஒன்றரை மீட்டர். தண்ணீருக்கு மேலே இன்னும் 95 சென்டிமீட்டர் சுவர் மிஞ்சும். அதே தொட்டியின் மேல் நம் வழக்கப்படி செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையுமாகக் கட்டினால் வீடு மட்டுமே 90 டன்னை நெருங்கிவிடும்; அப்போது விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு சாண் இடைவெளிதான் இருக்கும். காற்றடிக்கிற நாளில் அந்த ஒரு சாணை நம்பி யாரும் உறங்க முடியாது.

சாய்வைப் பொறுத்தவரை அகலம்தான் காவல். மேற்சொன்ன இலகுவான வீட்டில் இருபது விருந்தாளிகள் ஒரே பக்கத்தில் போய் நின்றால் அந்தப் பக்கம் சுமார் 6 சென்டிமீட்டர் தாழும், எதிர்ப்பக்கம் அதே அளவு எழும். மேசை மேல் வைத்த பேனா உருளும், அவ்வளவுதான். நீர்ப்பரப்பில் மிதவை விரிந்து நிற்பதால் கிடைக்கும் எதிர்ப்பு அகலத்தின் மும்மடியைப் பொறுத்து மாறுவதால், அகலத்தைப் பாதியாகக் குறைத்தால் அந்த எதிர்ப்பு எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். மாணவர்கள் அட்டையில் ஒல்லியான உயரக் கட்டடங்களை வரைந்திருந்தால் முதலில் அவற்றை நீக்கச் சொல்லுங்கள்.

இனி மேட்டூர். 1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. நாளிதழில் நாம் அன்றாடம் பார்க்கிற அந்த அடிக்கணக்குதான் உங்கள் நகரத்தின் தலையெழுத்து. 2024ஆம் ஆண்டு ஜூலை நடுவில் 50 அடிக்கும் கீழே கிடந்த நீர்மட்டம், கர்நாடக அணைகளிலிருந்து வந்த உபரிநீரால் அம்மாத இறுதியில் 120 அடியைத் தொட்டது. இரண்டு வார அளவில் 70 அடிக்கு மேல், அதாவது 21 மீட்டருக்கு மேல், உங்கள் ஊர் எழுந்தாக வேண்டும். அதன் பின் பாசனத்துக்குத் திறக்கத் திறக்க அதே அளவு இறங்கியாக வேண்டும்.

இறங்கும்போதுதான் உண்மையான தொல்லை. கரை செங்குத்தாக இருந்தால் வீடு நேராகக் கீழே போகும். ஆனால் பண்ணவாடி, கோட்டையூர்ப் பக்கங்களில் நிலம் மெல்லச் சரிந்து செல்கிறது. 50 அடி தூரத்துக்கு ஓர் அடி சரிவு என்று கொண்டால், 70 அடி நீர்மட்டம் இறங்கும்போது தண்ணீர் விளிம்பு 3,500 அடி, அதாவது ஒரு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கும். விளிம்பருகே கட்டப்பட்ட வீடுகள் சேற்றில் கோணலாக உட்கார்ந்துவிடும். தண்ணீர் வற்றிய நிலத்தில் சோளமும் நிலக்கடலையும் விதைக்க வரும் உழவர்கள் அவற்றைச் சுற்றித்தான் ஏர் ஓட்ட வேண்டியிருக்கும். வீடுகளைத் தண்ணீரோடு நடுவே நகர்த்திக்கொண்டே போகலாம் என்றால், ஒவ்வொரு முறையும் பாதையையும் குழாயையும் மின்கம்பியையும் நீட்டிக்கொண்டே போக வேண்டும். பண்ணவாடிக்கும் நாகமரைக்கும் இடையே ஓடும் விசைப்படகுகளுக்கு நீர்மட்டத்துக்கு ஏற்பத் துறை இடம் மாறுவதை உங்கள் மாணவர்கள் என்னைவிட நன்றாக அறிவார்கள். படகுக்கு அது சரி, ஒரு தெருவுக்குச் சரிவராது.

மூக்கனேரியில் இருப்பவை மிதப்பவை அல்ல. 2010ஆம் ஆண்டுக்குப் பின் அந்த ஏரியைச் சீரமைத்தபோது தூர்வாரிய மண்ணை ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். அவை தரையில் ஊன்றிய மண்மேடுகள். தண்ணீர் ஏறினால் அவற்றின் விளிம்பு மூழ்கும், மிதவை மூழ்காது. இந்த ஒரு வேறுபாட்டை மாணவர்கள் சொன்னாலே நடுவருக்குப் போதும்.

மறுமொழி: அம்மாபேட்டை டு ஆம்ஸ்டர்டாம்

மதகடி ஐயா சொன்னதை நான் வசிக்கும் நாட்டின் பக்கத்திலிருந்து உறுதிப்படுத்துகிறேன். நெதர்லாந்தில் மாஸ் ஆற்றங்கரையில் உள்ள மாஸ்போமல் என்னும் ஊரில் சாதாரண நாள்களில் தரையில் அமர்ந்திருந்து, வெள்ளம் வந்தால் மட்டும் எழும்பும் வீடுகள் இருக்கின்றன. உள்ளீடற்ற கான்கிரீட் அடித்தளத்தின் மேல் மர வீடு. இரண்டு வீடுகளுக்கு நடுவே உறுதியான எஃகுத் தூண்கள். வீடு அந்தத் தூண்களைப் பிடித்துக்கொண்டு மேலும் கீழும் வழுக்கும். மின்கம்பியும் குழாய்களும் வளையக்கூடியவை. அவை எழும்பக்கூடிய உயரம் சுமார் ஐந்தரை மீட்டர். மேட்டூருக்கு அதே முறையைக் கொண்டுவந்தால் 25 மீட்டர் உயரத் தூண்களை நீர்த்தேக்கத்துக்குள் நட்டு, கோடையில் எட்டு மாடி உயரத்துக்கு வெற்றுத் தூண்களாக அவை நிற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்க்கவே அச்சமாக இருக்கும்.

ஆம்ஸ்டர்டாமின் ஐபர்க் பகுதியில் உள்ள நீர்க்குடியிருப்பு வேறு வகை. அங்கே வீடுகள் எப்போதும் மிதக்கின்றன; கான்கிரீட் தொட்டியின் உட்புறமே படுக்கையறையாகப் பயன்படுகிறது, அதாவது தலைமாட்டுக்கு வெளியே ஏரி. தொலைவிலுள்ள பட்டறையில் கட்டி, கால்வாய் வழியாக இழுத்து வந்தார்கள். வழியிலிருந்த நீர்க்கதவின் அகலத்துக்குள் வீடு நுழைய வேண்டியிருந்ததால் வீட்டின் அகலத்தை அந்தக் கதவே முடிவு செய்தது. அதே நகரில் 2021ஆம் ஆண்டு நிறைவடைந்த ஸ்கோன்சிப் என்னும் குடியிருப்பில் 46 குடும்பங்கள் ஒரே மின்னிணைப்பைப் பகிர்ந்துகொண்டு, கூரைச் சூரியத் தகடுகளின் மின்சாரத்தைத் தங்களுக்குள் பரிமாறிக்கொள்கின்றன.

இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்றை மாணவர்கள் கவனிக்க வேண்டும். இந்த நாட்டின் கால்வாய்களிலும் அடைபட்ட ஏரிகளிலும் நீர்மட்டத்தை இறைப்பான்களையும் மதகுகளையும் கொண்டு ஏறக்குறைய ஒரே அளவில் வைத்திருக்கிறார்கள். மாலத்தீவுத் திட்டமும் திறந்த கடலில் இல்லை; சுற்றியுள்ள பவளத் திட்டுகள் அலையை உடைத்துவிடும் இடத்தில்தான் திட்டமிடப்பட்டிருக்கிறது. மிதக்கும் நகரம் என்றால் கொந்தளிக்கும் தண்ணீரை வெல்வது என்று காணொளிகள் காட்டுகின்றன; நடைமுறையில் அடங்கிய தண்ணீரைத் தேடிப் பிடித்துத்தான் கட்டுகிறார்கள்.

மறுமொழி: தாரமங்கலம் பட்டறை

டீச்சருக்கு வணக்கம். நான் பொறியாளன் இல்லை. மரவேலை செய்பவன், கோயில் விழாக்களுக்குத் தெப்பம் கட்டிக் கொடுப்பதும் எங்கள் தொழில். தெப்பத்தை விட்டுவிட்டு மாலத்தீவுக்குப் போக வேண்டியதில்லை என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

காலி டிரம் 200 லிட்டர் என்றால், அது முழுவதும் அமிழும்போது தன் எடை போக 180 கிலோவுக்கு மேல் தாங்கும். ஆனாலும் நாங்கள் பாதி அமிழ்வுக்கு மேல் விடுவதில்லை. ஒரு டிரம்முக்கு 90 கிலோ என்றுதான் கணக்குப் போடுவோம். சட்டம், மண்டப அலங்காரம், உற்சவர், பட்டர்கள், நாதஸ்வரக்காரர்கள், விளக்கு வரிசைகள், ஜெனரேட்டர் எல்லாம் சேர்ந்து 8 டன் என்றால் ஏறத்தாழ 90 டிரம் வேண்டும். மூடியின் ரப்பர் வளையத்தைப் பார்த்து, சோப்பு நீர் தடவிக் காற்றுக் கசிகிறதா என்று ஒவ்வொன்றையும் சோதித்த பிறகே சட்டத்தில் கட்டுவோம். ஜெனரேட்டரை மூலையில் வைக்க விழாக்குழுவினர் எப்போதும் கேட்பார்கள். நாங்கள் நடுவில்தான் வைப்போம், இல்லையென்றால் எதிர் மூலையில் அதே எடைக்கு மணல் மூட்டை அடுக்குவோம்.

தனித்தனி டிரம்மாகக் கட்டுவதில் இன்னொரு நன்மை உண்டு. ஒன்றில் தண்ணீர் புகுந்தாலும் மற்றவை தாங்கும். மாணவர்கள் தங்கள் மாதிரியில் ஒரே பெரிய டப்பாவை வைக்காமல், சிறு சிறு மருந்துக் குப்பிகளை வரிசையாக வைத்து ஒட்டினால், நடுவர் முன்னிலையிலேயே ஒரு குப்பியின் மூடியைத் திறந்து தண்ணீர் விட்டுக் காட்டலாம்.

உயரமாகக் கட்டுவதைப் பற்றி மதகடி ஐயா சொன்னது சரி. நைஜீரியாவின் லாகோஸ் நகரில் மகோகோ என்ற குடியிருப்பில் 2013ஆம் ஆண்டு பிளாஸ்டிக் டிரம்களின் மேல் மூன்று அடுக்கு மரப் பள்ளிக்கூடம் ஒன்றைக் கட்டினார்கள். முக்கோண வடிவில் அடி அகன்று மேலே குறுகியது; வேலைப்பாடு மெச்சத் தகுந்தது. 2016 ஜூன் மாதம் பெருமழையில் அது சரிந்து விழுந்தது. தெப்பம் ஒருநாள் விழாவுக்கானது, விழா முடிந்ததும் பிரித்துவிடுவோம். அன்றாடம் ஆள் ஏறி இறங்கும் கட்டடத்தில் கட்டும் கயிறும் திருகாணியும் நாளுக்கு நாள் தளர்ந்துகொண்டே இருக்கும். அதை யார் பார்த்துக்கொள்வது என்பதற்கு ஆள் வைக்காமல் கட்டக் கூடாது.

மறுமொழி: மதகடி

தாரமங்கலம் நண்பர் சொன்ன தனித்தனி அறை என்பது முதன்மையானது. அதை மறந்ததால் நேர்ந்த ஒரு விபத்தையும் மாணவர்கள் அறிந்திருக்கட்டும். அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் ஏரியின் குறுக்கே 1940ஆம் ஆண்டு முதல் கான்கிரீட் மிதவைகளின் மேல் ஒரு நெடுஞ்சாலைப் பாலம் இருந்தது. 1990 நவம்பரில் சீரமைப்பு வேலை நடந்துகொண்டிருந்தபோது மிதவைகளின் திறப்புகள் சரியாக அடைக்கப்படாமல் இருந்தன. புயல் மழையில் தண்ணீர் உள்ளே இறங்க, மூழ்கிய மிதவை தன்னோடு இணைந்திருந்த அடுத்தடுத்த மிதவைகளையும் இழுத்துக்கொண்டு போனது. அரை நூற்றாண்டு மிதந்த பாலம் அது.

மறுமொழி: சேர்வராயன் அடிவாரம்

எல்லோரும் எடையையும் தூணையும் பேசுகிறீர்கள். கழிப்பறைத் தண்ணீர் எங்கே போகும் என்று ஆசிரியை கேட்கவில்லை, நடுவர் கட்டாயம் கேட்பார். பண்ணவாடி, கோட்டையூர்ப் பகுதிகளில் நீர்த்தேக்கத்தின் தண்ணீர் சில ஆண்டுகளில் பச்சைப் படலம் கட்டி நாற்றமெடுத்ததைக் கரையோர மக்கள் அனுபவித்திருக்கிறார்கள். சேலத்துக்கும் இன்னும் பல ஊர்களுக்கும் அது குடிநீர். அதன் மேல் ஐயாயிரம் குடும்பங்களை வைத்தால், ஒவ்வொரு துளிக் கழிவையும் குழாயில் கரைக்கு ஏற்றிச் சுத்திகரித்தாக வேண்டும்; மதகடி ஐயா கணக்குப்படி அந்தக் கரையோ ஒரு கிலோமீட்டர் தள்ளித் தள்ளிப் போகிறது.

ஏற்காடு ஏரியை இதற்காகக் கேட்டிருக்கிறீர்கள். படகுக் குழாமும் சுற்றுலாப் பயணிகளுமாக ஏற்கெனவே நெரிசலில் இருக்கும் மிகச் சிறிய ஏரி அது. கால்வாசிப் பரப்பை மிதவை மூடினாலே அதன் அடியில் வெளிச்சமும் காற்றோட்டமும் குறைந்து மீனுக்குக் கேடாகும். சட்டமும் இருக்கிறது: ஏரிகளை ஆக்கிரமிப்பிலிருந்து காக்க 2007ஆம் ஆண்டு தமிழ்நாட்டில் தனிச் சட்டம் கொண்டுவரப்பட்டது. தண்ணீர்ப் பரப்பைக் காலி மனையாகப் பார்க்கும் பழக்கத்தைக் கண்காட்சி அரங்கிலிருந்து பிள்ளைகள் வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது என் கவலை.

மிதப்பது எல்லாம் வீடாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. தெலங்கானாவின் ராமகுண்டத்தில் 2022ஆம் ஆண்டு முதல் 100 மெகாவாட் அளவில் சூரியத் தகடுகள் நீர்த்தேக்கத்தின் மேல் மிதக்கின்றன. அதற்குக் கழிப்பறை தேவையில்லை.

மறுமொழி: கொளத்தூர் ஆசிரியை

அனைவருக்கும் நன்றி. மாணவர்களிடம் இந்த மறுமொழிகளை வாசித்துக் காட்டினேன். கழிவுநீர்க் கேள்வி வந்த இடத்தில் வகுப்பு சற்று அடங்கியது. ஆனால் மேட்டூரை விட மாட்டோம் என்கிறார்கள். ஆகவே, 'நெதர்லாந்தில் மிதக்கும் வீடு மேட்டூரில் ஏன் தரைதட்டுகிறது' என்பதையே காட்சியாக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஒரு தொட்டியில் நீர்மட்டம் மாறாமல் ஒரு வீடும், இன்னொரு தொட்டியில் சரிவான கரையோடு தண்ணீரை இறக்கிக் காட்டும் வீடும் இருக்கும். கழிவுநீர்க் குழாய்க்கு மருத்துவமனைகளில் பயன்படும் மெல்லிய குளுக்கோஸ் குழாயை வைத்து, அது எந்த இடத்தில் இழுபட்டுக் கழன்றுபோகிறது என்பதைக் காட்டுவார்கள். மதகடி ஐயா, நீங்கள் சொன்ன 121 டன் வீட்டை எந்த அளவுக்குச் சுருக்கினால் கணக்கு பிசகாமல் இருக்கும்?

மறுமொழி: மதகடி

நூறில் ஒரு பங்காகச் சுருக்குங்கள். 10 மீட்டர் நீளம் 10 சென்டிமீட்டராகவும், 8 மீட்டர் அகலம் 8 சென்டிமீட்டராகவும் ஆகும். நீளம், அகலம், உயரம் மூன்றும் நூறில் ஒரு பங்காவதால் எடை பத்து லட்சத்தில் ஒரு பங்காகும். 121 டன் என்பது 121 கிராம் ஆகிவிடும். அதே அளவு அடிப்பரப்புள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் மணலைச் சீராகப் பரப்பி, டப்பாவோடு சேர்த்து மளிகைக் கடைத் தராசில் 121 கிராம் வருமாறு சரிசெய்து மிதக்கவிட்டால், ஒன்றரை சென்டிமீட்டர் அமிழ வேண்டும். டப்பாவின் பக்கத்தில் முன்னதாகவே கோடு போட்டு வைத்துவிட்டு, பிறகு தண்ணீரில் விடச் சொல்லுங்கள். கோடும் தண்ணீரும் ஒன்றாக வரும்.

நீர்மட்டத்தை 120 அடியிலிருந்து 40 அடிக்கு இறக்குவதாகக் காட்டினால் தொட்டியில் 24 சென்டிமீட்டர் இறக்க வேண்டும், ஆகவே தொட்டி ஓர் அடிக்கு மேல் ஆழமாக இருக்கட்டும். கரைச் சரிவில்தான் இடர். ஐம்பதுக்கு ஒன்று என்ற சரிவை அதே அளவில் காட்டினால் உங்களுக்கு 12 மீட்டர் நீளமுள்ள பலகை தேவைப்படும். கண்காட்சியில் அவ்வளவு மேசை தரமாட்டார்கள். சரிவை மூன்றுக்கு ஒன்று என்று செங்குத்தாக்கி, 'கரைச் சரிவு மட்டும் அளவில் மிகைப்படுத்தப்பட்டுள்ளது, உண்மையில் தண்ணீர் இதைவிடப் பல மடங்கு தூரம் பின்வாங்கும்' என்று அட்டையில் எழுதி ஒட்டிவிடுங்கள். வீட்டை நங்கூரக் கயிற்றோடு கரையோரத்தில் கட்டி வையுங்கள். தண்ணீரை அடியிலிருந்து சிறு குழாய் வழியே மெதுவாக இறக்குங்கள். வேகமாக இறக்கினால் டப்பா சுழன்று நடுவே போய்விடும், அப்போது அது தரைதட்டாது, நடுவரும் மாணவர்களும் வெவ்வேறு முடிவுக்கு வருவார்கள்.